சண்டை முடிந்தது, பெரட்டில் ஆள் குறைந்தது



சென்ற மாதம் ஒரு பழைய தோட்டத்துக்குப் போயிருந்தோம். தோட்டம் கைமாறிவிட்டது. லயங்களை உடைக்கப் போகிறார்கள். குடியிருப்பவர்களுக்கு மாற்று வீடு உண்டா, நஷ்டஈடு எவ்வளவு என்று பேசுவதற்காகச் சங்கத்தின் சார்பில் நாங்கள் மூன்று பேர் சென்றோம். கோயில் மண்டபத்தில் கூட்டம் முடிந்து எழுந்தபோது, எழுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா பழைய பால்மாவு டின் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். மூடியைத் திறந்தால் உள்ளே கட்டுக் கட்டாக ஜப்பான்காரன் நோட்டு. வாழைமரம் போட்ட பத்து வெள்ளி நோட்டு.

“எங்க மாமியார் வச்சிருந்தது ஐயா. லயத்தை உடைச்சா இதை எங்கே கொண்டுபோய் வைக்கிறதுன்னு தெரியல.”

“இது 1945-லேயே செல்லாமல் போன காசும்மா” என்றோம்.

“அது எனக்கும் தெரியும் ஐயா. மாமனாரு சயாமுக்குப் போறப்போ அவங்க கையிலே கொடுத்துட்டுப் போன காசு இது. நான் காசைக் கேட்கல. போன ஆளோட கணக்கு எங்கேயாவது எழுதி இருக்குதா? அதைத்தான் கேட்கிறேன்.”

வீடு, நிலம், நஷ்டஈடு என்று மூன்று மணி நேரம் பேசிய நாங்கள், இந்த ஒரு கேள்விக்கு வாயடைத்துப் போனோம்.

நீண்ட யுத்தம் முடிந்தால் ஜனங்கள் என்ன செய்வார்கள்? கொடி கட்டுவார்கள், ஊர்வலம் போவார்கள், வெடி வெடிப்பார்கள். படத்தில் அப்படித்தான் பார்க்கிறோம். நம் தோட்டங்களில் என்ன நடந்தது? எப்படிக் கொண்டாடினார்கள், இடிந்துபோன குடும்பத்தை எப்படி நிமிர்த்தினார்கள்? எங்கள் பாட்டி சொன்னதையும், சங்க வேலையாகத் தோட்டம் தோட்டமாகப் போனபோது பெரியவர்கள் சொல்லக் கேட்டதையும் வைத்து இந்த வாரம் அதைப் பேசுவோம்.

மூன்று வருஷம் எட்டு மாதம்

1941 டிசம்பர் 8-ஆம் தேதி ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்தது. பங்களாவில் இருந்த துரைமார்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஓடிவிட்டார்கள். கித்தா வாங்கிக்கொண்டிருந்த வெள்ளைக்காரச் சந்தை அடைபட்டுப் போனது. பாலை வெட்டி யாருக்கு விற்பது? வேலை இல்லை, வேலை இல்லாததால் கூலியும் இல்லை. அரிசி வரத்து நின்றது. மரவள்ளிக்கிழங்கும் சீனிக்கிழங்குமே சோறு. துணி கிடைக்காமல் சாக்கை வெட்டித் தைத்துக் கட்டினார்கள். கால் வீங்கிச் செத்தவர்கள் ஒரு பக்கம், காய்ச்சலில் போனவர்கள் ஒரு பக்கம்.

அந்த நேரத்தில்தான் சயாம் ரயில் வந்தது. சயாமில் பான் போங் பக்கத்திலிருந்து பர்மாவில் தன்பியூசயாட் வரைக்கும் 415 கிலோமீட்டர் தண்டவாளம். 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்துவிட்டார்கள். மலையைக் குடைந்து, காட்டை வெட்டி, மழையிலும் சேற்றிலும் போட்ட பாதை அது. “மூணு மாசம் வேலை, நல்ல கூலி, சாப்பாடு சும்மா” என்று சொல்லித் தோட்டங்களில் ஆள் எடுத்தார்கள். பட்டினி கிடந்தவனுக்கு அந்த வார்த்தை போதாதா? சொல்லி எடுத்தது போய், பிறகு பிடித்து எடுத்தார்கள். இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று கூப்பிட்டு, கொட்டகைக் கதவைச் சாத்தி லாரியில் ஏற்றினார்கள் என்று சொல்லும் பெரியவர்களைப் பல இடங்களில் பார்த்திருக்கிறோம். ஆண்கள் மட்டும் போகவில்லை. பெண்களும் பிள்ளைகளும் போன குடும்பங்கள் உண்டு.

எங்கள் பாட்டியின் முதல் வீட்டுக்காரர் 1943 தொடக்கத்தில் போனார். அவருக்கு வயது இருபத்து நாலு. பாட்டிக்குப் பத்தொன்பது. கையில் ஒரு பெண் குழந்தை. “தீபாவளிக்கு வந்துடுறேன்” என்று சொல்லிவிட்டு லாரியில் ஏறினாராம். அந்த லயத்திலிருந்து அன்றைக்குப் பதினோரு பேர் போனார்கள். தண்டவாளம் போட்டு முடிந்த பிறகும் ஆட்களை விடவில்லை. வெள்ளைக்காரன் விமானத்தில் வந்து பாலத்தை உடைப்பான். இவர்கள் மறுபடி கட்ட வேண்டும். தீபாவளி ஒன்று போனது, இரண்டு போனது. குழந்தை 1944-இல் காய்ச்சலில் போய்விட்டது. அப்பன் முகத்தை அது சரியாகப் பார்த்ததுகூட இல்லை.

செய்தி வந்த விதம்

1945 ஆகஸ்ட் 15-இல் ஜப்பான் சரணடைந்தது. ஆனால் அன்றைக்கே மலாயாவில் யாருக்கும் தெரியாது. நாள் கணக்கில் மறைத்து வைத்திருந்தார்கள். தோட்டத்தில் ரேடியோ ஏது? எங்கள் பாட்டி இருந்த தோட்டத்துக்குச் செய்தி கம்பத்துச் சீனர் கடை வழியாக வந்திருக்கிறது. கடைக்காரர் திடீரென்று, “ஜப்பான் நோட்டு வேணாம், வேற ஏதாவது இருந்தா கொண்டா” என்றாராம். சண்டை முடிந்ததை நம் ஜனங்கள் அந்தக் கடை வாசலில்தான் தெரிந்துகொண்டார்கள்.

“சந்தோஷமா இருந்துச்சா பாட்டி?” என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறோம்.

“முதல்ல பயம்தாண்டா வந்துச்சு” என்பார்.

அது உண்மை. ஜப்பான்காரன் கை ஓய்ந்து, வெள்ளைக்காரன் இன்னும் வந்து சேராத அந்த இரண்டு மூன்று வாரம் மலாயா முழுக்கக் குழப்பம். பல ஊர்களில் காட்டிலிருந்து வந்த மூன்று நட்சத்திரப் படை ஆட்சி நடத்தியது. பழைய பகைகளைத் தீர்த்துக்கொண்டார்கள். ஜப்பான்காரனுக்கு ஆள் பிடித்துக் கொடுத்தவர்களைத் தேடினார்கள். பல இடங்களில் இனச் சண்டையும் மூண்டது. எங்கள் பாட்டியின் தோட்டத்தில் சயாமுக்கு ஆள் அனுப்பிய கங்காணி ஓர் இரவில் குடும்பத்தோடு காணாமல் போனார். அப்புறம் அவரை யாரும் பார்க்கவில்லை.

செப்டம்பர் 3-இல் பிரிட்டிஷ் படை பினாங்கிலும் 5-இல் சிங்கப்பூரிலும் இறங்கியது. 9-இல் மோரிப் கடற்கரைக்கு வந்தது. 12-ஆம் தேதி சிங்கப்பூர் நகராட்சி மண்டபத்தில் மவுண்ட்பேட்டன் பிரபு முன்னிலையில் ஜப்பானியத் தளபதி கையெழுத்துப் போட்டார். மறுநாள் கோலாலம்பூர் விக்டோரியா இன்ஸ்டிட்யூஷன் பள்ளியிலும் கையெழுத்தானது. பட்டணங்களில் ஜனங்கள் சடக்கு ஓரம் நின்று கை தட்டினார்கள்.

இரண்டு சேலைக் கொண்டாட்டம்

தோட்டத்திலும் கொண்டாடத்தான் செய்தார்கள். பாட்டி சொன்ன கொண்டாட்டம் இது.

முதலில் மாரியம்மன் கோயிலைக் கழுவினார்கள். நாலு வருஷமாகத் திருவிழா இல்லை. விளக்குக்கு எண்ணெய் இல்லாமல் ஆத்தா இருட்டில் இருந்தாள். பரணில் கிடந்த தப்பை இறக்கி, தீயில் காட்டி, அடித்துப் பார்த்தார்கள். தோல் கிழிந்து போயிருந்தது. அதையே அடித்தார்கள். பொங்கல் வைக்க அரிசி வேண்டுமே? வீட்டுக்கு ஒரு பிடி என்று கேட்டார்கள். பிடி அரிசிகூட இல்லாத வீட்டுக்காரர்கள் கிழங்கைத் துருவிக் கொண்டுவந்தார்கள். பாதி அரிசி, பாதி கிழங்கு, வெல்லம் இல்லாத பொங்கல்.

ஆனால் பெண்கள் கோயிலுக்கு வரவில்லை. ஏன்? கட்ட சேலை இல்லை. சாக்கைக் கட்டிக்கொண்டு ஆத்தா முன்னால் எப்படி நிற்பது? அந்த லயத்தில் முழுசாக இருந்தவை இரண்டே சேலைகள். கல்யாணத்துக்கு எடுத்ததை யாரோ பத்திரமாக மடித்து வைத்திருந்தார்கள். அந்த இரண்டையும் மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டு, இரண்டு இரண்டு பேராகப் போய்க் கும்பிட்டுவிட்டு வந்தார்களாம். விடிய ஆரம்பித்தது பொழுது சாயும் வரைக்கும் நடந்தது. “அன்னிக்குச் சிரிச்ச சிரிப்பு எங்க கல்யாணத்திலேகூடச் சிரிக்கல” என்று பாட்டி சொல்லும்போதே சிரிப்பார்.

சாயங்காலம் ஒரு பெரியவர், “போனவங்க வரட்டும், அப்புறம் பெருசா செய்வோம்” என்றாராம். தப்புச் சத்தம் அதோடு நின்றுபோனது. அந்த நவம்பரில் தீபாவளி வந்தது. சயாமுக்கு ஆள் அனுப்பிய வீடுகளில் விளக்கேற்றிக் கதவைச் சாத்தாமல் வைத்திருந்தார்கள். யாரும் வரவில்லை.

புதிய செக்ரோல்

வெள்ளைக்காரன் வந்ததும் தோட்டத்தை மறுபடி திறந்தார்கள். காடாகிக் கிடந்த நிரையை வெட்டினார்கள். சில இடங்களில் ஜப்பான்காரன் காலத்தில் கித்தா மரத்தைச் சாய்த்துக் கிழங்கு போட்டிருந்தார்கள். மீதி மரங்களில் பல, நாலு வருஷம் கத்தி படாமல் ஓய்ந்து நின்றவை. வெட்டினால் பால் கொட்டியது. உலகத்துக்குக் கித்தா வேண்டியிருந்தது.

ஒரு நாள் காலையில் பெரட்டுக்கு மணி அடித்தார்கள். கிராணியார் புதிய செக்ரோல் புத்தகத்தை விரித்து வைத்துப் பேர் எழுதினார். பாட்டி தன் பேரைச் சொல்லிவிட்டு, தன் வீட்டுக்காரர் பேரையும் சொன்னார்.

“ஆள் எங்கே?”

“சயாமுக்குப் போயிருக்காருங்க. வந்துடுவாரு.”

“வேலைக்கு நிக்கிற ஆளுக்குத்தான் பேரு போடலாம். நீ அப்பாலே போ.”

பாட்டி நகர்ந்துவிட்டார். பின்னால் நின்ற பெண்களில் ஐந்தாறு பேர் அதே பதிலை வாங்கிக்கொண்டு நகர்ந்தார்கள். பழைய செக்ரோலில் இருந்த பேர் புதியதில் இல்லை. கிராணி மேல் பெரிய குற்றம் சொல்ல முடியாது. அவருக்கு அப்படித்தான் உத்தரவு. ஆனால் பாட்டி சாகிற வரைக்கும் இதைச் சொல்வார்: “அவரு செத்த சேதி எனக்குப் பின்னாடிதான் வந்துச்சு. ஆனா எனக்கு அவரு போனது அந்தப் பெரட்டுலதான்.”

திரும்பியவர்கள்

யுத்தம் முடிந்தபோது சயாம் முகாம்களில் நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். வெள்ளைக்காரக் கைதிகளை முதலில் ஊருக்கு அனுப்பினார்கள். நம் ஆட்கள் 1945 கடைசியிலும் 1946-லுமாக வந்து சேர்ந்தார்கள். அங்கேயே தங்கிவிட்டவர்களும் உண்டு. எங்கள் பாட்டியின் லயத்துக்கு மூன்று பேர் திரும்பினார்கள். போனவர்கள் பதினோரு பேர் என்று மேலே எழுதினோமே, அதில் மூன்று பேர்.

காலில் ஆறாத புண், வீங்கிய வயிறு, குழி விழுந்த கண். பெற்ற தாயே அடையாளம் தெரியாமல் நின்றாளாம். லாரியிலிருந்து இறங்கியவனை உட்காரக்கூட விடாமல் பெண்கள் சூழ்ந்துகொண்டு, தங்கள் தங்கள் வீட்டு ஆளின் பேரைச் சொல்லிக் கேட்டார்கள். அந்த மூவரில் ஒருவர் பாட்டியிடம் வந்து தலையைக் குனிந்துகொண்டார்.

“காலரா வந்துச்சும்மா. மழை நேரம். ராத்திரி வாந்தி எடுத்தாரு, விடியறதுக்குள்ளே முடிஞ்சிருச்சு. நாங்க நாலு பேரு தூக்கிட்டுப் போனோம்.”

“எந்த இடம்?”

“ஆத்தோரம்மா. பேரு தெரியாது. எல்லாம் ஒரே மாதிரி ஆத்தோரம்.”

எந்த நாள் என்றும் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. முகாமில் கிழமை ஏது, தேதி ஏது? திதி தெரியாமல் எப்படிப் படையல் போடுவது? பூசாரியும் பெரியவர்களும் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். சயாமில் போன அத்தனை பேருக்கும் சேர்த்து ஆடி அமாவாசை அன்று ஆற்றங்கரையில் ஒரே படையல். எட்டு வீட்டுக்காரர்களும் ஒன்றாகச் செய்தார்கள். ஒருத்தி அழுதால் இன்னொருத்தி பிடித்துக்கொண்டாள். பட்டணத்து ஊர்வலத்தைவிட இதுதான் நம் ஜனங்களுக்கு யுத்தம் முடிந்த நாள் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

இரண்டு வீடு சேர்ந்து ஒரு வீடு

அப்புறம் என்ன? வாழ்ந்தாக வேண்டுமே. புருஷன் போன பெண்கள், பெண்டாட்டி போன ஆண்கள், இருவரும் போன பிள்ளைகள் என்று லயம் முழுக்க அரைக் குடும்பங்கள். இவற்றை ஒட்டவைக்கும் வேலையைச் செய்தது எந்த அரசாங்க இலாகாவும் அல்ல, தோட்டத்துப் பஞ்சாயத்துத்தான்.

சில வழக்குகள் கல் மனசையும் உருக்கும். புருஷன் செத்துவிட்டான் என்று நம்பி ஒருத்தி இன்னொருவனோடு குடும்பம் நடத்துகிறாள். ஒரு பிள்ளையும் ஆகிவிட்டது. முதல் புருஷன் உயிரோடு வந்து நிற்கிறான். யாரைக் குறை சொல்வது? ஒரு தோட்டத்தில் நடந்ததை ஒரு பெரியவர் சொன்னார். பஞ்சாயத்தார் அந்தப் பெண்ணையே கேட்டார்களாம். அவள் வாய் திறக்காமல் அழுதாள். வந்தவன் எழுந்து, “பிள்ளைக்கு அப்பன் வேணும். நான் வேற தோட்டம் பார்த்துக்கிறேன்” என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டான். அவன் என்ன பட்டிருப்பான்! சயாமிலிருந்து திரும்பியவனுக்கு வீட்டு வாசலிலும் ஒரு சயாம் இருந்தது.

எங்கள் குடும்பமும் அப்படி உருவானதுதான். பாட்டியிடம் செய்தி சொன்னாரே, அவருடைய பெண்டாட்டியும் இரண்டு பிள்ளைகளும் அவர் சயாமில் இருந்தபோதே பட்டினியிலும் காய்ச்சலிலும் போய்விட்டார்கள். 1947-இல் பஞ்சாயத்தார் இரண்டு பேரையும் உட்காரவைத்துப் பேசினார்கள். மேளம் இல்லை, பந்தல் இல்லை. ஆத்தா சந்நிதியில் மாலை மாற்றினார்கள். 1948-இல் எங்கள் அப்பா பிறந்தார். இன்றைக்கும் எங்கள் வீட்டுப் படையலில் தாத்தாவுக்கு ஓர் இலை, ‘சயாம் தாத்தா’வுக்கு ஓர் இலை. தாத்தா உயிரோடு இருந்த காலத்தில் அந்த இலையைப் போட்டவரே அவர்தான்.

அனாதைப் பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் எடுத்து வளர்த்தார்கள். மூடிக் கிடந்த தமிழ்ப்பள்ளிகளை மறுபடி திறக்கச் செய்தார்கள். சிலேட்டு இல்லாமல் மணலில் எழுதிய பிள்ளைகள் உண்டு. மூன்று குடும்பம் ஒரு கிழங்குத் தோட்டத்தைக் கூட்டாகப் போட்டுச் சாப்பிட்டார்கள். ஏனென்றால் சண்டை முடிந்தும் அரிசிப் பஞ்சம் முடியவில்லை. 1946-லும் பங்கீட்டு அரிசி பற்றவில்லை. கறுப்புச் சந்தையில் வாங்கக் காசில்லை.

நிமிர்ந்த முதுகு

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் வருகிறது. துரை திரும்பி வந்தார். 1941-இல் விட்டுப் போன அதே தோட்டம் தனக்காகக் காத்திருக்கும் என்று நினைத்தார். ஆனால் ஆட்கள் அதே ஆட்கள் இல்லை.

யுத்தத்துக்கு முன்னால் எப்படி இருந்தது? நாளுக்கு 50, 60 காசு கூலி. துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும். இதை எதிர்த்து 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. கூலி உயர்வு கேட்டார்கள், சைக்கிளில் போக உரிமை கேட்டார்கள், கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள், பிள்ளைகளுக்குப் படிப்பு கேட்டார்கள். பட்டாளத்தை இறக்கிச் சுட்டு அடக்கினார்கள். தலைவர் ஆர்.எச். நாதனை நாடு கடத்தினார்கள்.

1945-க்குப் பிறகு அந்தப் பயம் போய்விட்டது. துரை ஓடியதைக் கண்ணால் பார்த்தவர்கள் இவர்கள். நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் 1943-இல் வந்து இந்திய தேசிய ராணுவத்துக்கு ஆள் திரட்டியபோது, தோட்டத்துப் பையன்களும் பெண்களும் சேர்ந்து கவாத்துப் பழகினார்கள். ஜான்சி ராணிப் படையில் பால் வெட்டிய பெண்களும் துப்பாக்கி ஏந்தினார்கள். அப்படிக் கற்ற ஒழுங்கு வீணாகவில்லை. 1946, 47-இல் கெடா தோட்டங்களில் தொண்டர் படை எழும்பியது. கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தார்கள். குடிப்பவனைப் பஞ்சாயத்தில் நிறுத்தினார்கள். 1947 தொடக்கத்தில் போலீசோடு மோதல் வந்து அடிபட்டார்கள், சிறை போனார்கள்.

யுத்தத்துக்கு முந்திய கூலியே அடிப்படை என்றது நிர்வாகம். அரிசி விலையோ பல மடங்கு. வேலைநிறுத்தம் வராமல் என்ன செய்யும்? சங்கங்கள் முளைத்தன. 1948 ஜூனில் அவசரகாலம் வந்ததும் பல சங்கங்களை நசுக்கினார்கள். மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி 1949 மே மாதம் தூக்கிலிடப்பட்டார். அதையும் தாண்டித்தான் 1954-இல் பல சங்கங்கள் ஒன்றாகி தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. சங்கம் என்பது யாரோ பட்டணத்தில் உட்கார்ந்து தொடங்கியது என்று இன்றைய இளைஞர்கள் நினைக்கக் கூடாது. கிழங்குத் தோட்டத்தைக் கூட்டாகப் போட்டவர்கள், எட்டு வீட்டுப் படையலை ஒன்றாகச் செய்தவர்கள்தான் சந்தா கட்டிய முதல் ஆட்கள்.

எழுதாமல் விட்ட கணக்கு

இவ்வளவும் கட்டினார்கள். ஒன்றை மட்டும் அவர்களால் செய்ய முடியவில்லை. அதைத்தான் அந்த அம்மா டின்னோடு வந்து கேட்டார்.

சயாம் ரயிலில் வேலை செய்த வெள்ளைக்காரப் போர்க்கைதிகள் அறுபதாயிரம் பேருக்கு மேல். அதில் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். சண்டை முடிந்த சில வாரங்களிலேயே ஒரு குழு அந்தப் பாதை நெடுகப் போய், நூற்றுக்கும் மேற்பட்ட இடுகாடுகளைத் தேடி, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகளைக் குறித்துக்கொண்டு வந்தது. இன்றைக்குக் காஞ்சனபுரியில் போய்ப் பார்த்தால் கிட்டத்தட்ட 7,000 கல்லறைகள். புல் வெட்டி, பூச்செடி வைத்து, பேர் தெரிந்த ஒவ்வொருவருக்கும் பேர் பொறித்த கல். அது சரியான காரியம். அதில் நமக்குப் பொறாமை இல்லை.

ஆனால் நம்மவர்கள்? தமிழர், மலாய்க்காரர், சீனர், ஜாவாக்காரர், பர்மாக்காரர், சயாம்காரர் என்று அங்கே செத்த ஆசியத் தொழிலாளர்கள் எண்பதாயிரம் முதல் ஒரு லட்சம் பேர் வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். ‘இருக்கலாம்’ என்ற வார்த்தையைக் கவனியுங்கள். கைதிகளுக்கு எண்ணிக்கை, நமக்கு மதிப்பீடு. மலாயா இந்தியர் தொகை 1931 கணக்கெடுப்பில் சுமார் 6 லட்சத்து 22 ஆயிரம். 1947-இல் 6 லட்சத்துக்குள்ளேயே வந்துவிட்டது. முப்பதுகளின் மந்தத்தில் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டவர்களும் அதில் சேர்த்தி. ஆனால் சயாமில் போனவர்களையும் இங்கே பட்டினியில் போனவர்களையும் தனியே பிரித்துக் காட்ட ஒரு பட்டியல் இல்லை.

1967-இல் ஜப்பானிய அரசு 2 கோடியே 50 லட்சம் வெள்ளி மதிப்புக்கு மலேசியாவுடன் ஒப்பந்தம் செய்தது. அது கப்பல்களாக வந்தது. அரசுக்கும் அரசுக்கும் நடந்த கணக்கு அது. லயத்துக் கணக்கு அதில் இல்லை. 2023-இல் தாய்லாந்துத் தமிழர்கள் முன்னின்று காஞ்சனபுரியில் நம்மவர்களுக்காக ஒரு நடுகல் வைத்தார்கள். எண்பது வருஷம் கழித்து வந்த கல் என்றாலும் நெஞ்சு நிறைந்தது. ஆனால் கல்லில் பொறிக்க நம்மிடம் பேர்கள் எத்தனை?

உறவுகளே, பேர்கள் இன்னும் சில வீடுகளில் இருக்கின்றன. போனவர்களின் பிள்ளைகளே இன்று எண்பதைத் தாண்டிவிட்டார்கள். லயங்களை உடைக்கிறார்கள், தோட்டங்கள் வீட்டு மனைகளாகின்றன, குடும்பங்கள் பத்துத் திசைக்குப் பிரிகின்றன. ஆகவே ஒரு வேண்டுகோள். பத்துக் காசுச் செலவில்லாத வேலை இது.

ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவரை உட்காரவைத்துக் கேளுங்கள். போனவர் பேர், அப்பா பேர், எந்தத் தோட்டம், எந்த லயம், எந்த வருஷம், கூடப் போனவர் யார், திரும்பினாரா இல்லையா, செய்தி சொன்னது யார். தெரிந்ததை எழுதுங்கள், தெரியாததற்கு இடம் விடுங்கள். பெண் போயிருந்தால் அவள் பேரையும் எழுதுங்கள். ‘இன்னார் மனைவி’ என்று முடித்துவிடாதீர்கள். இரண்டு படி எடுத்து ஒன்றைக் கோயில் கமிட்டியிடமும் ஒன்றைப் பள்ளித் தலைமையாசிரியரிடமும் கொடுங்கள். ஆடி அமாவாசைக்கு அந்தப் பேர்களை வாய்விட்டு வாசியுங்கள்.

அன்று மாலையே நாங்கள் ஆரம்பித்துவிட்டோம். கூட்டக் குறிப்பு எழுதக் கொண்டுபோன புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், அந்த அம்மாவின் மாமனார் பேரை முதலில் எழுதினோம். அவர் எழுத்துக் கூட்டிப் பார்த்துவிட்டு, “ஒரு எழுத்து தப்பா இருக்கு ஐயா” என்று திருத்தினார். அதைக் கேட்டு இன்னொருவர் வந்தார், அப்புறம் இன்னொருவர். விளக்கு வைக்கும் நேரத்துக்குள் ஒன்பது பேர்கள் சேர்ந்தன. நிர்வாகத்துக்குக் கொடுத்த கோரிக்கை மனுவில் மாற்று வீடு, நஷ்டஈடு, கோயில் நிலம் ஆகியவற்றோடு, அந்த நிலத்தில் ஒரு பேர்க்கல் நடுவதற்கு இடமும் கேட்டிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. வந்ததும் இதே பகுதியில் எழுதுவோம்.

பத்தாவது பேராக எங்கள் சயாம் தாத்தாவின் பேரையும் அதில் எழுதிக்கொண்டோம். அவர் வேறு தோட்டத்துக்காரர்தான். இருந்தாலும் அந்த அம்மா, “ஒரே ரயில்ல போயிருப்பாங்க, எழுதுங்க ஐயா” என்றார்.